தலைப்பாகையும் ஒன்றரை மீட்டரும்

விழாத் தலைவர் அவர்களே, ஓயாத பணிக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் போக்குவரத்துக் காவல் துணை ஆணையர் அவர்களே, மிதிவண்டிக் கழகச் செயலாளர் அவர்களே, மாணவர்களுக்கு ஹெல்மெட் வழங்கிய வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பிரேக், ஹெல்மெட் என இரண்டைப் பற்றியும் பேசுவதாக அழைப்பிதழில் இருக்கிறது. பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன்.

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பார்கள். தலைப்பாகை இருக்கிறது என்று தலையை நீட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் ஜெர்மனியின் மியூனிக் நகரில், 1980களின் தொடக்கத்தில், ஒரு டாக்சி நிறுவனத்தில் சோதித்தார்கள். பாதி கார்களில் ஏபிஎஸ் என்ற, சக்கரம் பூட்டாத பிரேக்; பாதியில் சாதா பிரேக். அழுத்திப் பிடித்தால் சாதா பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி வழுக்கும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. ஏபிஎஸ் அந்த அழுத்தத்தை நொடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிப்பதால் வண்டி திருப்பிய பக்கம் திரும்பும். அப்படியானால் விபத்து குறைய வேண்டும் அல்லவா? மூன்று ஆண்டு கணக்கெடுத்தார்கள். குறையவில்லை! ஏன்? ஓட்டுநருக்குத் தெரியாமல் சில கார்களில் வேக மாற்றத்தை அளக்கும் கருவி வைத்தார்கள். பயணிகள் போல ஆட்களை ஏற்றிக் கவனித்தார்கள். ஏபிஎஸ் கார்க்காரர்கள் வளைவில் வெடுக்கென்று திருப்பினார்கள். தடத்தை ஒழுங்காகப் பிடிக்கவில்லை. முன்வண்டியை ஒட்டியே போனார்கள். பிறகு பழுதுச் செலவில் ஒரு பங்கை ஓட்டுநரே தர வேண்டும் என்றது நிறுவனம். விபத்து குறைந்தது.

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். போடுங்கள், சரியாகப் போடுங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி. பட்டைகள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல். பலமாக அடிபட்டதை மறுபடி அணியாதீர்கள்; உள்ளே நசுங்கிய நுரை திரும்ப எழாது. ஐரோப்பியத் தர விதி மிதிவண்டி ஹெல்மெட்டை மணிக்குச் சுமார் 20 கி.மீ. மோதலில்தான் சோதிக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகம் அது. லாரி மோதுவதற்கு அந்தத் தலைப்பாகை போதாது.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இயன் வாக்கர், மிதிவண்டியில் தூரம் அளக்கும் கருவி பொருத்தி ஓட்டினார். ஹெல்மெட் போடாதபோதைவிடப் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 செ.மீ. கூடுதலாக நெருங்கிக் கடந்தன என்று 2007இல் எழுதினார். அதே தரவை 2013இல் திரும்ப ஆராய்ந்தவர்கள், ஒரு மீட்டருக்குள் உரசிப்போவதற்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள். அந்த வழக்கு நடக்கட்டும். தலையில் என்ன இருந்தாலும், கடக்கிற இடைவெளி பின்னால் வருகிறவர் கையில் அல்லவா இருக்கிறது! தலைக்கு வருவதைத் தலைப்பாகை வரை வரவிடுவானேன்?

ஜெர்மனியில் 2020 முதல், மிதிவண்டியைக் கடக்கும் மோட்டார் வண்டி ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் விட வேண்டும். துணை ஆணையர் அவர்களே, நம் நகரப் பேருந்து ஓட்டுநர் பயிற்சியிலும் இது வேண்டும். மைதானத்தில் ஒரு மிதிவண்டியை நிறுத்தி, கைப்பிடி நுனியிலிருந்து ஒன்றரை மீட்டரில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒவ்வொரு ஓட்டுநரும் கோட்டை மிதிக்காமல் பத்து முறை கடந்து காட்டட்டும். இதற்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்திட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.