அட்டையின் பின்பக்கம்

மதிப்பிற்குரிய தர்மகர்த்தா ஐயா அவர்களே, தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை அம்மா அவர்களே, மோல்மீனிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்த பெரியவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்று சாப்பாடு தயார் செய்த தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய தம்பிகளுக்கு நன்றி. அதை ஆசிரியை அம்மாவுக்கே போர்த்தியிருக்க வேண்டும்.

பழைய தபால் அட்டைகளில் இரங்கூன் தெருக்கள் என்று தலைப்புக் கொடுத்தீர்கள். தெருக்கள் எப்படி உண்டாயின, படம் எடுத்தவர்கள் யார், அந்தப் படங்களில் நம் ஆட்கள் எங்கே என்று மூன்று விஷயம் சொல்கிறேன்.

1852 பர்மா சண்டையில், இன்றைக்கு யாங்கோன் என்று சொல்கிற இந்த ஊரைப் பிடித்த ஆங்கிலேயர், சூலே பகோடா என்ற புத்தர் கோயிலை நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாகத் தெரு போட்டார்கள். திட்டம் போட்டவர்களில் ஒருவர் ஃபிரேசர் என்ற இஞ்சினியர். அவர் பெயரில் இருந்த ஃபிரேசர் தெருதான் இன்றைய அனோரத்தா ரோடு. நம்மவர்கள் 1871இல் எழுப்பிய காளி கோயில் இருப்பதும் அங்கேதான். டல்ஹௌசி தெரு மகா பந்துலா ரோடு ஆனது. செட்டியார்கள் கிட்டங்கி, அதாவது வட்டித் தொழில் நடத்தும் கடை, வைத்திருந்த மொகல் தெரு ஷ்வேபொந்தா ஆனது. பெயர்தான் மாறியது, கட்டம் மாறவில்லை. அதனால் பழைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் அதே முக்கில் போய் நிற்கலாம்.

படம் எடுத்தவர்களில் கிளியர் என்ற ஜெர்மானியர் முக்கியமானவர். அகுஜா கம்பெனி வண்ண அட்டைகளை ஜெர்மனியில் அச்சடித்து இங்கே விற்றது. சரி, என் வீட்டு அட்டைக்கு வருகிறேன்.

என் அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பதினெட்டு வயதில் கப்பலேறி வந்தவர். பரமக்குடிப் பக்கம் இருந்த அப்பத்தாவுக்கு ஃபிரேசர் தெரு அட்டை ஒன்று அனுப்பினார். படத்தில் தலைக்கு மேல் ட்ராம் கம்பி ஓடுகிறது. மின்சார ட்ராம் 1906இல்தான் வந்தது, ஆகவே படம் அதற்குப் பிந்தியது. ஒரு கடை வாசலில் ஊசியால் துளை போட்டிருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்தால் துளை நட்சத்திரம் போல மின்னும். பின்னால் எழுதியிருக்கிறார்: "துளை போட்ட இடத்தில் வேலை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கன்றுக்குட்டியை விற்றுவிடாதே."

அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் வாசித்ததைக் கேட்டே மனப்பாடம் செய்தார். பின்னால் இங்கே வந்தபோது அட்டையையும் கொண்டுவந்தார். 1941 டிசம்பர் 23இல் ஜப்பான்காரர் குண்டு விழுந்தபோது மடியில் கட்டிக்கொண்டு பெகுப் பக்கம் ஓடினார்.

போன மாதம் என் பேரன் அதை எடுத்துப் பார்த்தான். தெருவை உடனே கண்டுகொண்டான். அப்புறம் திருப்பினான். "தாத்தா, இது என்ன, கோலமா?" என்று பர்மிய மொழியில் கேட்டான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் சொல்லும் பழமொழி இது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. படிக்கத் தெரியாத அப்பத்தா அதை நெஞ்சில் வைத்திருந்தார். மூன்று பாஷையில் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு அது கோலமாகத் தெரிகிறது. குற்றம் அவனுடையது அல்ல. வீட்டில் தமிழ் எழுத்தைக் காட்டாதவன் நான்தான்.

உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் அட்டை இருக்கும், கடிதம் இருக்கும், கணக்குப் புத்தகம் இருக்கும். வாசிக்க ஆளில்லாவிட்டால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமலே போய்விடும்.

இந்த மண்டபத்தில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தமிழ் வகுப்பு. கட்டணம் கிடையாது. போன வாரம் வந்தவர்கள் ஏழு பிள்ளைகள், அதில் ஒருவன் என் பேரன். நோட்டு வாசலில் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த ஞாயிறு வரும்போது வீட்டிலிருக்கும் அட்டையையும் எடுத்து வாருங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்போம்.