காலியாக விட்ட கட்டம்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவைப் பெற்ற ஐயா ரங்கூனில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, அதாவது கடைப் பொறுப்பாளருக்கு உதவியாளாக இருந்தவர். அவர் கைப்பட எழுதிய பேரேடு ஒன்று தேவகோட்டை வீட்டில் இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கத்தில் ஒரு தொகை மட்டும் அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். ஒரே ஒரு கோடு. அடியில் இருந்த பழைய தொகை தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் சரியான தொகை, அதை ஒட்டி ஐயாவின் சுருக்கொப்பம். "நல்லா அழிச்சிட்டு எழுதியிருக்கலாமே ஐயா?" என்று கேட்டேன். "அழிச்சா அது திருட்டுக் கணக்கு ஆத்தா. அடிச்சு எழுதி, அடிச்சது யாருன்னு போட்டாத்தான் திருத்தம்" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக நான் பார்க்கும் வேலையும் அதுதான். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு, பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடக்கும் பேறுகால ஆய்வுகளின் கணக்கைப் பார்க்கிறேன். டேட்டா மேனேஜர் என்பார்கள். மருந்து கண்டுபிடிப்பது நான் அல்ல, ஊசி போடுவதும் நான் அல்ல. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு நடந்தது, நடந்தபடியே கடைசிப் பட்டியல்வரை வந்து சேர வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஐயா போட்ட கோட்டை இப்போது கம்ப்யூட்டர் போடுகிறது. எந்த எண்ணை யார் மாற்றினார், என்றைக்கு, எதற்காக என்று எல்லாம் அடியில் நிற்கும். பழைய எண்ணை யாராலும் மறைக்க முடியாது.

இந்தக் கணக்கினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். பிரசவம் ஆனதும் உதிரம் நிற்காமல் போய் உயிரிழக்கும் தாய்மார்களை நம் வீடுகளிலேயே அறிவோம். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து அவர்களைக் காப்பாற்றுமா என்று 2010 முதல் 2016 வரை 21 நாடுகளில், 193 ஆஸ்பத்திரிகளில், 20,060 பெண்களிடம் பார்த்தார்கள். 'வுமன்' ஆய்வு என்று பெயர். பிள்ளை பிறந்த மூன்று மணி நேரத்துக்குள் மருந்து ஏறியிருந்தால், உதிரப்போக்கால் வரும் மரணம் 1.7 சதவீதத்திலிருந்து 1.2 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் தாமதித்தால் பலன் இல்லை. முடிவு வெளிவந்த 2017லேயே உலக சுகாதார நிறுவனம் "மூன்று மணி நேரத்துக்குள் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டது.

அந்த மூன்று மணி நேரம் எப்படித் தெரிந்தது? பிள்ளை பிறந்த நேரம், மருந்து கொடுத்த நேரம் என்று இரண்டு கட்டங்களை யாரோ ஒரு நர்ஸ் நடுராத்திரியில் ஒழுங்காக எழுதியதால். ஒரே ராத்திரியில் நாலு பிரசவம் பார்த்துவிட்டு, விடிந்தபிறகு நினைவிலிருந்து எழுதினால் நேரமெல்லாம் முழு மணியாகவும் அரை மணியாகவும் வந்து நிற்கும். ஓர் இடத்திலிருந்து அப்படி வர ஆரம்பித்தால் நாங்கள் உடனே போன் போடுவோம். திட்டுவதற்கு அல்ல, சுவர்க் கடிகாரம் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிறதா என்று கேட்பதற்கு.

நேரத்தை விடவும் தேதி படுத்தும் பாடு பெரிது. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்காக்காரருக்கு மார்ச் நாலு. அதனால் மாதத்தை எழுத்தில்தான் எழுதச் சொல்கிறோம். அத்தோடு தீர்ந்துவிடாது. நேபாளத்தில் விக்கிரம ஆண்டு நம் ஆங்கில வருஷத்துக்கு ஏறக்குறைய 57 வருஷம் முன்னால் ஓடுகிறது. தாய்லாந்தில் 543 வருஷம். எத்தியோப்பியாவில் ஏழெட்டு வருஷம் பின்னால், மாதமோ பதின்மூன்று. இதில் நாம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஐயாவின் பேரேட்டில் 'யுவ வருஷம்' என்றுதான் போட்டிருக்கிறது. அது 1935. அதே யுவ 1995லும் வந்தது.

நம் பக்கத்துப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். கர்ப்பத்துக்கு நாள் கணக்கு, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள். நாம் என்ன சொல்கிறோம்? 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம். நமக்கு ஞாபகம் நிற்பது தலைக்கு ஊற்றிய நாள்தான். "ஆடிப்பெருக்குக்கு முந்தின செவ்வாய் தலைக்கு ஊத்தினேன் சிஸ்டர்" என்று ஒரு பெண் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அந்த நர்ஸம்மா சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, விரலால் செவ்வாயைத் தொட்டார். "சரி, வீட்டுக்கு விலக்கானது என்னிக்கு?" என்று கேட்டு, விரலைப் பின்னால் நகர்த்தி சனிக்கிழமையில் நிறுத்தினார். சனிதான் படிவத்துக்குப் போனது. மூன்று நாள் வித்தியாசம்.

மூன்று நாளில் என்ன என்கிறீர்களா? குறைமாதத்தில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு நுரையீரல் பலப்பட, தாய்க்கு ஸ்டெராய்டு ஊசி போடுவது உண்டு. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கிராமங்கள்வரை அதைக் கொண்டுபோய், ஏறக்குறைய ஒரு லட்சம் பிரசவங்களைப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. எதிர்பார்த்தது நடக்கவில்லை. மொத்தத்தில் பச்சைக் குழந்தைகளின் மரணம் அங்கே சற்றுக் கூடியிருந்தது. அந்த ஆய்வு நடந்த பல இடங்களில் ஸ்கேன் கிடையாது. மாதவிடாய்த் தேதியையும் வயிற்றை அளந்த டேப்பையும் வைத்துத்தான் மாதம் கணித்தார்கள். ஊசி தேவைப்படாத தாய்மாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு உலக சுகாதார நிறுவனம், ஸ்கேனில் வாரத்தை உறுதிசெய்துகொண்டு, இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆஸ்பத்திரிகளில் 2,852 பெண்களைச் சேர்த்து 2017 முதல் 2019 வரை மறுபடி பார்த்தது. 26 வாரம் முடிந்ததிலிருந்து 33 வாரமும் ஆறு நாளும் வரை உள்ளவர்கள் மட்டும். இந்தத் தடவை சிசு மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஊசி அதேதான். யாருக்கு, எந்த வாரத்தில், எந்த வசதி உள்ள இடத்தில் போடுகிறோம் என்பதில் இருக்கிறது பிள்ளையின் உயிர்.

இனி நான் மறக்க முடியாத ஒன்று. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து 140 பெண்களின் படிவம் வந்தது. 'இதற்கு முன் கரு கலைந்ததுண்டா?' என்ற கேள்விக்கு 140 பேரும் 'இல்லை'. தெரியவந்த கருவிலேயே பத்தில் ஒன்று தானாகக் கலைவது இயற்கை. எப்படி 140 பேருக்கும் இல்லை? போனில் கேட்டால், "கேட்டுத்தான் எழுதினோம்" என்றார்கள். ரயிலேறிப் போனேன்.

சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். ஸ்டூலில் பெண், அவள் தோளுக்குப் பின்னால் பையை அணைத்துக்கொண்டு மாமியார். நர்ஸ் கேள்வியைப் படித்தார். பெண் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் மாமியார். நர்ஸ் டிக் அடித்தார். அவர் பொய் எழுதவில்லை, காதில் விழுந்ததை எழுதினார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அன்று மதியம் அந்த நர்ஸே வழி கண்டுபிடித்தார். "அத்தை, அந்த வரிசையில நின்னு மாத்திரையை வாங்கிட்டு வந்துடுங்களேன்." மாமியார் போனதும் அடுத்து வந்த பெண் குனிந்தபடி சொன்னாள்: "ரெண்டு தடவ. அவங்களுக்கு ஒண்ணுதான் தெரியும்."

அந்த 140 'இல்லை'யை என்ன செய்வது? மற்ற ஊர்க் கணக்கை வைத்துச் சராசரி போட்டு நிரப்பிவிடலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒப்பவில்லை. 'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு, 'சொல்ல விருப்பமில்லை' வேறு, 'முறையாகக் கேட்கப்படவில்லை' வேறு. நாலையும் ஒன்றாக்கினால் அந்தப் பெண் குனிந்து சொன்னதற்கு மரியாதை என்ன? பழைய பதில்களை அப்படியே விட்டு, 'தனிமையில் கேட்கப்படவில்லை' என்று குறித்தோம். திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் மட்டும் மறுபடி கேட்டோம்.

ரகசியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் ஆஸ்பத்திரிப் பீரோவைத் தாண்டாது, எண் மட்டும்தான் எங்களுக்கு வரும். ஆனாலும் செட்டிநாட்டில் பிறந்த எனக்குப் பெயரை எடுத்தால் போதும் என்ற நம்பிக்கை கிடையாது. ஊர், கோயில், விலாசம் (குடும்பத்தின் பெயர்க்குறி) மூன்றும் சொன்னால் ஆள் யார் என்று நாமே சொல்லிவிடுவோமே. கிராமம், வயது, இரட்டைப் பிள்ளை என்று மூன்று கட்டம் சேர்ந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டுக்குப் பட்டியல் போவதற்கு முன், கிராமத்தை மாவட்டமாக்கி, பிறந்த தேதியை வயதாக்கி அனுப்பச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது ஆய்வுக்கு அழைத்தால் சம்மதப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருந்து ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது இருக்க வேண்டும். 2009 முதல் அது கட்டாயம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துணைக்கு வந்தவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று நர்ஸிடம் கேட்கலாம். நடுவில் விலகினாலும் உங்களுக்கான வைத்தியம் நிற்கக்கூடாது. தேதி ஞாபகம் இல்லையென்றால் ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள்.

இந்த மாதம் ஓர் ஆய்வின் கணக்கை, இனி யாரும் திருத்த முடியாதபடி, பூட்ட வேண்டும். எல்லாம் முடிந்து, ஒரே ஒரு கேள்வி பாக்கி: ஒரு தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன தேதி. பேப்பரில் ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரில் வேறொன்று. நர்ஸ் நாளைக்குத்தான் அந்தத் தாயின் வீட்டுக்குப் போகிறார். ஆய்வை நடத்துபவர்களிடமிருந்து, ஜெனீவாவிலிருந்து, இரண்டு மெயில் வந்துவிட்டது. அவர் போய்க் கேட்டு வரும்வரை அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

வணக்கம்.