ஆச்சிக்குக் கரைதான் விருப்பம்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். "பாண் வீணாகாமல் காக்கவேண்டியது வெதுப்பகமா, வீடா?" வீடே எண்டு பேச வந்திருக்கிறன்.

எனக்கு முன்னம் பேசின எதிரணி ஆசிரியர் என்ன சொன்னவர்? "நேற்றையான் பாணைத் தின்னச் சொல்லுறது கஞ்சக் கட்சி" எண்டார். நீங்களும் கை தட்டினீங்கள். ஐயா, அந்த ஒரு சொல்லுக்காக ஒரு கதை சொல்லப்போறன்.

1974. இலங்கையில கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு. எங்கட மண்ணில கோதுமை விளையாது, கப்பல் வந்தால்தான் பாண். வெங்காயம், மிளகாய் செய்தவைக்கு நல்ல விலை. கையில காசு, கடையில பாண் இல்லை. அப்பாவுக்கு அப்ப பத்து வயசு. விடியப்புறம் மூண்டு மணிக்குப் பாண் சுடுற போறணை வாசலுக்குப் போறார். அங்க வரிசையில ஆக்கள் இல்லை, கல்லுகள் நிக்குது! செங்கல் ஒருத்தர், முருகைக்கல் ஒருத்தர், உடைஞ்ச சட்டி ஒருத்தர். அப்பாவும் ஒரு கல்லை வைச்சார். வைச்சுப்போட்டு வீட்டை வந்து படுத்தாரோ? இல்லை! ஆரும் தள்ளிப்போட்டால் எண்டு பயந்து, கல்லுக்குப் பக்கத்திலயே குந்தியிருந்தவர். கேளுங்கோ சபையோரே: இடம் பிடிக்கக் கல்லு, கல்லைக் காக்க அப்பா!

விடிய ஆறரைக்குக் கிடைச்சது அரை றாத்தல். 225 கிராம். வீட்டில ஏழு பேர்.

அப்பாவின்ர ஆச்சி துணி விரிச்சுத்தான் பாண் வெட்டுவாவாம். நடுப்பகுதி பிள்ளையளுக்கு. துணியை உதறி, அந்தத் தூளைச் சம்பலுக்குள்ள போட்டுப் பிசைவா. கடைசிக் கரையைத் தான் எடுத்து, "எனக்குக் கரைதான் விருப்பம்" எண்டுவா. சபையோரே, ஆச்சியின்ர வாயில இருந்தது மூண்டு பல்லு! மூண்டு பல்லுக்காரிக்குக் கரை விருப்பமாம்! அதைப் பிளேன்ரீயில போட்டால், பிள்ளையள் பள்ளிக்கூடம் போய்ச் சேருமட்டும் ஊறவேணும்.

ஐயா, கஞ்சன் எண்டால் ஆர்? இருக்கிறதை மற்றவனுக்குக் குடுக்காதவன். ஆச்சி இருந்ததெல்லாத்தையும் குடுத்துப்போட்டுக் கரையோட இருந்தவ. அவவோட பழகின கட்சி எங்கட கட்சி. அந்தப் பேரை நீங்கள் திரும்ப எடுக்கவேணும்!

எதிரணி ஆசிரியர் வெதுப்பகத்திலதான் வீண் எண்டார். 2022இல் உலகத்தில வீணான உணவு 105 கோடி தொன். அதில 60 வீதம் வீடுகளில. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் சொன்ன கணக்கு இது. வீணாக்கிற இடம் வீடெண்டால், காக்கவேண்டிய இடமும் வீடுதான்.

பாண் இறுகினால் பழுதாப் போச்சு எண்டு நினைக்கிறம். இல்லை. உள்ளுக்க மாச்சத்து இறுகுது, அவ்வளவுதான். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில வைச்சு ஆவி காட்டுங்கோ, பஞ்சு மாதிரி வரும். பிறிஜ்ஜுக்குள்ள வைச்சால் இன்னும் கெதியா இறுகும். துண்டு துண்டா வெட்டி பிறீசருக்குள்ள வையுங்கோ. நல்லாக் காய்ஞ்சதை இடிச்சு வைச்சால், றோல்சும் கட்லட்டும் பிரட்டத் தூள் கடையில வாங்கத் தேவையில்லை. பூஞ்சணம் பிடிச்சால் மட்டும் முழுசா எறியுங்கோ. வெட்டி எறிஞ்சாலும் அது உள்ள ஓடியிருக்கும்.

சரி, மணி அடிக்கப் போகுது. கல்லுக்குக் காவல் இருந்த அந்தப் பெடியனிட்ட ஒருக்காத் திரும்பிப் போவம்.

போன மாதம் காலமைச் சாப்பாடு. என்ர மகள் பாணின்ர கரையை வெட்டிக் கோப்பை ஓரத்தில ஒதுக்கினாள். நான் ஏசப் போனன். அப்பா கையைக் காட்டி மறிச்சார். மெல்ல எட்டி அந்தக் கரையை எடுத்தார்.

"விடு பிள்ளை, எனக்குக் கரைதான் விருப்பம்" எண்டார்.

நான் ஒண்டும் பேசேல்லை, நடுவர் அவர்களே. எழும்பிப் போய் அவருக்குப் பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்தன். வணக்கம்.