லினக்ஸ் மெனுவில் எது எதற்கு என்று பார்த்ததும் தெரிய வேண்டும்

வணக்கம் நண்பர்களே! ரொம்ப நாளாகப் பேச நினைத்த விஷயம் இது. லினக்ஸ் மெனுவில் மென்பொருள்களின் பெயர்கள்.

இந்த நான்கு பெயர்களைப் பாருங்கள். ஆகுலர், க்வென்வியூ, டால்ஃபின், கேட். நான்கும் லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களில் ஒன்றான கேடிஈயின் மென்பொருள்கள், நான்கும் அருமையானவை. ஆனால் நேற்றுதான் லினக்ஸுக்கு வந்த ஒருவர், பிடிஎஃப் எதில் திறக்கும் என்று இதில் எப்படிக் கண்டுபிடிப்பார்? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு.

சரி, பெயரை எடுத்துவிட்டு வேலையை மட்டும் எழுதினால்? இன்னொரு டெஸ்க்டாப் சூழலான க்னோம் அதைத்தான் செய்தது. 2012 வாக்கில் நாட்டிலஸ் ‘ஃபைல்ஸ்’ ஆனது, எபிஃபனி ‘வெப்’ ஆனது. பார்த்ததும் புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு கோளாறு வந்தால் இணையத்தில் என்னவென்று தேடுவீர்கள்? ‘ஃபைல்ஸ் திறக்கவில்லை’ என்று போட்டால் சம்பந்தமே இல்லாததெல்லாம் வரும். நாட்டிலஸ் என்ற பெயர் தெரிந்தவருக்குப் பதில் நேராகக் கிடைக்கும். அந்தப் பெயரைப் புதியவரிடமிருந்து மறைப்பது அவருக்கு உதவி இல்லை என்பேன்.

பெயர், வேலை இரண்டும் சேர்ந்து தெரிய வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 2019இல் 19.2 பதிப்பில் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் எக்ஸ்எட் இருக்கும்போது ஜிஎடிட்டையும் நிறுவினால், மெனுவில் ‘டெக்ஸ்ட் எடிட்டர்’ என்று இரண்டு முறை வந்து குழப்பாது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் சொந்தப் பெயரும் சேர்ந்து வரும். எக்ஸ்எஃப்சிஈ என்ற டெஸ்க்டாப் சூழலில் விஸ்கர் மெனு வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புகளில் மென்பொருளின் விவரத்தையும் காட்டச் சொல்லலாம். கேடிஈயின் அப்ளிகேஷன் மெனுவிலும் பெயர், விவரம் இரண்டையும் காட்டும் தேர்வு இருக்கிறது.

அதெல்லாம் போதாது, நானே எழுதிக்கொள்கிறேன் என்றால் அதற்கும் வழி உண்டு. மெனுவில் தெரியும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘டாட் டெஸ்க்டாப்’ என்று முடியும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. பெரும்பாலும் யூஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். அங்கேயே கைவைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் டாட் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று இருக்கும் இடத்துக்கு அதே பெயரில் நகல் எடுங்கள். ஆகுலரின் நகலை இப்போது திறக்கிறேன், பாருங்கள். ‘நேம்’ என்று தொடங்கும் வரியில் ‘ஆகுலர் – பிடிஎஃப் படிக்க’ என்று மாற்றுகிறேன். அவ்வளவுதான்.

கணினியைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘நேம்’ பக்கத்தில் சதுர அடைப்புக்குள், தமிழைக் குறிக்கும் ‘டிஏ’ என்று தனி வரி இருந்தால், மெனு அதைத்தான் எடுக்கும். அதை மாற்றாவிட்டால் மேலே எழுதியது தெரியவே தெரியாது. அப்புறம் ‘கீவேர்ட்ஸ்’ வரியில் உங்கள் வீட்டில் புழங்கும் சொற்களைச் சேருங்கள், அரைப்புள்ளி போட்டுப் பிரித்து. க்வென்வியூவுக்கு ‘போட்டோ’ என்று சேர்த்தால் அம்மா தேடினாலும் கிடைக்கும். ‘எக்ஸெக்’ வரியை மட்டும் தொடாதீர்கள், மென்பொருளைத் திறக்கும் கட்டளை அதில்தான் இருக்கிறது.

அப்டேட் வந்தாலும் இந்த நகல் பழையபடியேதான் இருக்கும். அதனால் எப்போதாவது அந்த மென்பொருள் திறக்காமல் போனால், முதலில் நகலை அழித்துப் பாருங்கள். பழைய பெயரோடு மெனுவில் திரும்ப வந்துவிடும்.