வேர் பிடித்த பிறகே விருப்பம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூர் மாநகரத்து அவையோரே, அனைவருக்கும் வணக்கம். வேலையில் மனநிறைவு பெற வழி, பிடித்த வேலையைத் தேடிச் சேர்வதா, சேர்ந்த வேலையைப் பிடித்ததாக ஆக்கிக்கொள்வதா என்ற இன்றைய கேள்விக்கு, இரண்டாவது வழியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “விளையும் பயிர் முளையிலே தெரியும், தன் நாட்டம் எதுவென்று தெரியும்வரை ஓர் இளைஞன் எந்த வேலையிலும் காலூன்றக் கூடாது” என்றார். நான் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக்காரி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரியை நட்டு வளர்த்த வீடு எங்களுடையது. கத்தரியை யாரும் நாற்றங்காலிலேயே விட்டுவைப்பதில்லை. பிடுங்கி, அதற்குச் சற்றும் பழக்கமில்லாத வேறு மண்ணில் நடுகிறோம். நட்ட இரண்டு மூன்று நாள் அது தலை தொங்கித்தான் நிற்கும். அந்த வாட்டத்தைப் பார்த்துவிட்டு, ‘இந்த மண் இதற்குப் பிடிக்கவில்லை’ என்று மறுபடி பிடுங்கினால் செடியே மிஞ்சாது. தண்ணீர் காட்டிக் காத்திருந்தால் வேர் பிடிக்கும். பூவும் காயும் அதற்குப் பிறகுதான். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதத்தில் ‘இது எனக்கானது இல்லை’ என்று விலகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்றுதான் நினைவுக்கு வருகிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைக் கட்டிய ஐடா ஸ்கடர் அம்மையாரையும் எதிரணியினர் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த அவர், அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத்தான் திண்டிவனத்துக்கு வந்தார். இங்கேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், பேறுகால வேதனையில் கிடந்த தங்கள் மனைவியரைக் காப்பாற்றும்படி அவரிடம் வந்து நின்றார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்கள் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகே அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கினார். அந்த வேலையை அவர் விரும்பித் தேடவில்லை, அது அவர் வீட்டுக் கதவைத் தட்டியது.

அதே மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். ‘உனக்கு எது பிடிக்கும்’ என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. மிஞ்சியிருந்தவை இரண்டு கைகள் மட்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை அவர் கற்றுக்கொண்டார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரின் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் எழுந்தது. விபத்துக்கு முன் அவர் போட்டுவைத்த எந்தக் கணக்கிலும் அந்த வேலை இருந்திருக்க முடியாது.

“அப்படியானால் எந்த வேலையையும் சகித்துக்கொள் என்கிறீர்களா?” என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நுரையீரலைத் தின்னும் வேலையை, வயிற்றுக்கே போதாத கூலியை விரும்பப் பழகு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பீடி சுற்றும் பெண்கள் நிறைந்த குடியாத்தத்தை அறிந்தவள் நான். அங்கே முதலில் வேண்டியது நல்ல கூலியும் மாற்று வழியும். என் வாதம், நிற்பதற்குத் தகுந்த வேலையிலும் வேர் விடப் பொறுமையில்லாமல் ஊர் ஊராகக் கனவைத் தேடும் மனத்தைப் பற்றியது.

என் அக்கா செவிலியர் ஆக ஆசைப்பட்டார். அப்பா தவறிய ஆண்டில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போனார். தோலின் ஓரத்தை மடிப்பதற்கு முன் மெலிதாகச் சீவும் ஸ்கைவிங் வேலை. முதல் ஆண்டு முழுக்க அழுகைதான். அதை நான் மறைக்கவில்லை. பிறகு ஒருநாள் இரவு, சாப்பிட்ட கை காய்வதற்குள், ஒரு துண்டுத் தோலை என் விரலுக்கடியில் வைத்து, “இது முதுகுப் பக்கம், இழுத்தால் நிற்கும், இது வயிற்றுப் பக்கம், இழுத்தால் வந்துகொண்டே இருக்கும், இரண்டின் ஓரத்தையும் ஒரே மாதிரி சீவினால் மடிப்பு சுருங்கிவிடும்” என்று சொல்லிக் கொடுத்தார். அவர் குரலில் அன்று இருந்த பெருமிதத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கை கற்றுக்கொண்ட பிறகு மனம் பின்னாலேயே வந்திருந்தது. அந்த வேலையின் அருமை தெரிந்ததால்தான், கூலி உயர்வு கேட்கவும் அவரே முதல் ஆளாக நின்றார்.

இன்றைக்கும் நான் புதுச் செருப்பு வாங்கி வந்தால், அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து மடிப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அதன் பிறகுதான் விலையைக் கேட்பார். நன்றி, வணக்கம்.