உட்கார்ந்த பிறகு வண்டியை எடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வயதானவர்கள் பஸ்ஸில் போவதை ஏன் குறைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், படி உயரம், முட்டி வலி என்றுதான் பதில் வரும். அது உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் படி ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கதவு மூடுகிறது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் டிக்கெட்டோ சில்லறையோ. இருக்கை இன்னும் நாலு எட்டு தள்ளி இருக்கிறது. அதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. மெதுவாக எடுத்தால்கூட ஐந்தாறு நொடியில் பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துவிடும். இளவயதுக்காரர் தடுமாறினால் சட்டென்று ஒரு காலைப் பின்னால் வைத்துச் சமாளித்துக்கொள்வார். வயதாக ஆக, அந்தக் கால் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வண்டி எதிலும் மோதாமலே, உள்ளே விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். ஒருமுறை விழுந்தவரை விடுங்கள், விழப்போய்த் தப்பியவர்கூட அடுத்த வாரம் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் கையில் இருக்கும் கால அட்டவணையில் அந்த நொடிகளுக்கு இடமே இல்லையே! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் உட்கார ஆறு நொடி. ஒரு நடையில் பத்து நிறுத்தங்களில் அப்படிக் காத்திருந்தாலும் மொத்தம் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தை அட்டவணை போடும்போதே சேர்த்துவிட்டால், கண்ணாடியில் பார்த்து, ஆள் உட்கார்ந்த பிறகு வண்டியை எடுக்கலாம். அட்டவணையில் இல்லாத நிமிடத்தைப் பயிற்சி வகுப்பில் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் ரோட்டில் நிற்காது.

இறங்கும்போதும் இதே கதைதான். கதவு மூடிவிடுமோ என்ற பயத்தில், வண்டி ஓடும்போதே எழுந்து நிற்கிறார்கள். ஜப்பானில் பஸ் நின்ற பிறகு எழுந்திருங்கள் என்று அறிவிப்பு சொல்லிக்கொண்டே வரும். அறிவிப்பு மட்டும் போதாது, அப்படி எழுந்து வருகிறவருக்காகக் கதவு உண்மையிலேயே திறந்திருக்க வேண்டும். பிரேக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வண்டி நிற்கப்போகும் கடைசிக் கணத்தில் மிதியைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தக் கடைசிக் குலுக்கல் இருக்காது. நல்ல டிரைவர்களுக்கு இது தானாக வரும்.

கம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும். ஒரு கம்பியை விடுமுன் அடுத்தது கைக்கு எட்ட வேண்டும், நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் வெற்றிடம் கூடாது. தோள்வலிக்காரருக்குத் தலைக்கு மேலே தொங்கும் பிடியால் என்ன பயன்? வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, நீலமும் பச்சையும் குழம்பும். அதனால்தான் கம்பிக்குப் பளிச்சென்ற மஞ்சள். முதியோர் இருக்கையைச் சக்கரத்துக்கு மேலே, இன்னொரு படி ஏறும் இடத்தில் வைக்கிறார்களே, அதை என்னவென்று சொல்ல!

இனி படி. தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 32 முதல் 35 சென்டிமீட்டர். சஸ்பென்ஷனில், அதாவது சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளில், காற்றை இறக்கி ஒரு பக்கம் சாய்த்தால் இன்னும் ஏழெட்டு சென்டிமீட்டர் குறையும். நிறுத்தத்தின் மேடை 16 முதல் 18 சென்டிமீட்டர் உயரம் என்றால், மீதி ஒரு சின்ன எட்டுதான். ஆனால் பஸ் மேடையை ஒட்டி நின்றால்தான் இது நடக்கும். நிறுத்தத்தில் ஒரு கார் நின்றுவிட்டால் பஸ் நடுரோட்டில் நிற்கும், பயணி மேடையிலிருந்து ரோட்டில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். விலை கொடுத்து வாங்கிய தாழ்தளம் வீண். ஜெர்மனியின் காசல் நகரத்துப் பெயரில் ஒரு மேடைக்கல் உண்டு. டயர் உரசினாலும் சேதமாகாதபடி அதன் ஓரம் வளைவாக இருக்கும், டிரைவர் பயமில்லாமல் ஒட்டி நிறுத்தலாம். சாலையிலிருந்து உள்வாங்கிய நிறுத்தத்தைவிட, நேர்கோட்டில் இருக்கும் நிறுத்தத்தில் ஒட்டி நிற்பது சுலபம்.

நேரமாகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன். வீட்டிலிருந்து நிறுத்தம் வரை போகும் வழியில் 50 மீட்டருக்கு ஒரு இருக்கை வேண்டும். அதற்குக் கைப்பிடியும் வேண்டும், ஊன்றி எழ அதுதான் உதவும். சிங்கப்பூரில் 2009 முதல் முதியோர் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால், சாலையைக் கடக்கும் பச்சை விளக்கு கூடுதல் நொடிகள் எரியும். டிக்கெட்டைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருக்கும், தொடுதிரை பல நேரம் அதை உணராது. அழுத்தும் பொத்தானையும், காசு வாங்கும் ஆளையும் எடுத்துவிடாதீர்கள். வணக்கம்.