முன்பே மனப்பாடமாக இருந்த பாட்டு

அன்பான சகோதர சகோதரிகளே,

‘எல்லாரும் இப்போது கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள், நெஞ்சாலும் வாயாலும் கைகளாலும்’ என்று தொடங்கும் ஜெர்மன் ஞானப்பாட்டை உங்களில் பலர் பாடியிருப்பீர்கள். எழுதியவர் மார்ட்டின் ரிங்கார்ட். சாக்சனியில் ஐலன்பூர்க் என்கிற சிறு நகரத்தில் லுத்தரன் போதகர். முப்பதாண்டுப் போர் நடந்த காலம் அது. கோட்டைச் சுவருக்குள் அகதிகள் வந்து குவிந்தார்கள். 1637இல் கொள்ளைநோயும் வந்தது. மற்றப் போதகர்கள் இறந்தோ, ஊரைவிட்டோ போக, ரிங்கார்ட் ஒருவரே மிஞ்சினார். ஒரே நாளில் 40, 50 பேரைக்கூட அடக்கம் செய்திருக்கிறார். மொத்தம் 4,000க்கு மேல். அதில் அவருடைய மனைவியும் ஒருவர்.

இந்தப் பிணக்குவியலின் நடுவில் உட்கார்ந்துதான் அவர் அந்தப் பாட்டை எழுதினார் என்று மேடைகளில் சொல்வது வழக்கம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் 1636 என்றே போட்டிருக்கும். அதாவது, நோய்க்கு முந்தின வருடம். அதைவிட முக்கியம், அது சாப்பாட்டு மேசையில் சொல்லும் சின்ன ஜெபமாகத்தான் முதலில் இருந்தது. சீராக்கின் ஞானம் என்கிற பழைய யூத ஞான நூலின் 50ஆம் அதிகாரத்தில் வரும் இரண்டு மூன்று வசனங்களைப் பாட்டாகக் கட்டி, வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் பாடுகிற மாதிரி வைத்திருந்தார்.

இதைத் தெரிந்துகொண்டபோது முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், நாம் சொல்லிவந்த கதையைவிட இதுவே என்னை அதிகமாக அசைத்தது. துன்பம் வந்தபின் நன்றி சொல்லச் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சொற்கள் ஏற்கெனவே வாயில் இருந்தன. தினமும் பாடியவை அவை.

இந்தக் கண்ணோடு பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். கடைசி இராப்போஜனம் முடிந்த பிறகு, ‘அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப்போனார்கள்’ என்று மத்தேயு எழுதுகிறார். என்ன பாட்டு? பஸ்கா இரவில் யூத வீடுகளில் பாடுவது 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள். அன்று பாடியதும் அவற்றின் கடைசிப் பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகிய பாட்டு. ‘வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்’ என்ற வரி அதில்தான் இருக்கிறது. காட்டிக்கொடுக்கப்படப் போகிற இரவில் அந்த வரியை இயேசு தம் வாயால் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! அதை நினைத்தால் என்னால் அடுத்த வசனத்துக்குச் சட்டென்று போக முடிவதில்லை.

பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்களே, கால்கள் தொழுமரத்தில். இருட்டு. கையில் புத்தகம் ஏது? உள்ளே இருந்தது வெளியே வந்தது. சுமார் 112ஆம் ஆண்டில் ரோமை ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணி மாறி மாறிப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. இந்தத் தகவல் விசாரணையில் கிடைத்தது. சித்திரவதைக்கு ஆளானவர்களில் இரண்டு அடிமைப் பெண்களும் உண்டு.

ஒரு இடத்தில் மட்டும் நெருக்கடியின் நடுவிலேயே பாட்டு பழக்கப்பட்டது. 386, மிலான் நகரம். அரசமாதா ஜஸ்டினா, கிறிஸ்து பிதாவுக்குச் சமமல்ல என்று சொன்ன ஆரியுஸின் கொள்கைக்காரர்களுக்காகக் கோவிலைக் கேட்க, ஆயர் அம்புரோஸ் மறுத்துவிட்டார். மக்கள் கோவிலுக்குள்ளேயே இரவெல்லாம் விழித்திருந்தார்கள். கவலையில் சோர்ந்துபோகாதபடி அவர்களுக்குக் கிழக்குத் திருச்சபைகளின் முறையில் பாட்டுகளும் சங்கீதங்களும் பழக்கப்பட்டன என்று அகுஸ்தீன் எழுதுகிறார்; அவருடைய அம்மா மோனிக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அம்புரோஸ் கட்டிய பாட்டுகளைப் பாருங்கள்: நான்கு நான்கு வரி, வரிக்கு எட்டு அசை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இரண்டு தடவை பாடினால் வந்துவிடும்.

அசிசியின் பிரான்சிஸைப் பற்றிச் சொல்லாமல் உட்கார மாட்டேன். 1225இல் அவர் அசிசிக்குப் பக்கத்தில் உள்ள சான் தமியானோ கோவிலில் படுத்திருந்தார். கண்நோய். பகல் வெளிச்சத்தையும், இரவில் விளக்கொளியையும் தாங்க முடியவில்லை. குடிசைக்குள் எலிகள் வேறு தூங்க விடவில்லை. அந்த நிலையில்தான் ‘சகோதரன் சூரியனுக்காக உமக்குப் புகழ்’ என்று பாடினார். எந்த ஒளி அவர் கண்ணைக் குத்தியதோ, அதற்கே முதல் நன்றி. அதையும் லத்தீனில் பாடவில்லை, ஊர் மக்கள் பேசும் உம்பிரியப் பேச்சில் பாடினார். தம் துறவிச் சகோதரர்கள் அதைக் கற்றுக்கொண்டு தெருவில் பாட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மறுவருடம் சாகும் தறுவாயில் ‘சகோதரி மரணத்துக்காக’ என்று ஒரு பத்தியைச் சேர்த்தார். அந்தச் சகோதரர்களில் லியோவும் ஆஞ்செலோவும் அழுதுகொண்டே அதை அவருக்குப் பாடிக் காட்டினார்கள். பாட்டு இப்போது அவர்களுக்கு மனப்பாடம். கேட்பதுதான் அவருக்கு மிச்சம்.

சரி, நேரமாகிவிட்டது. 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் ஒரே அடியில் முடியும். ஒருவர் முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்வதற்கு ஏற்ற அமைப்பு. புத்தகத்தை மூடிவிடுங்கள், தேவைப்படாது. குழந்தைகளை முன்னால் வரச் சொல்லுங்கள். நான் முதல் பாதியைச் சொல்கிறேன், மீதியை நீங்கள் சொல்லுங்கள்.

‘கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர்...’